உறையைப் பிரிக்காமல் திருடனைப் பிடிக்க முடியுமா?

1844-ம் ஆண்டு. லண்டன் நகரில் மாஜினி என்ற இத்தாலியர் குடியிருந்தார்.

சொந்த நாட்டில் இருக்க முடியாமல் வெளியேறியவர் அவர். துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்க வேண்டும் என்பது அவருடைய இலட்சியம். அதற்காக நாலா திசைகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நாலா திசைகளிலிருந்தும் அவருக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது.

திடீரென்று அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. தனக்கு வரும் கடிதங்களை யாரோ நடுவில் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடியும் ஒட்டி அனுப்புகிறார்களோ?

எப்படிக் கண்டுபிடிப்பது? மாஜினி ஒரு யுக்தி செய்தார். கடிதத்தை மடிக்கும்போது உள்ளே சில கசகசா விதைகளையும், கொஞ்சம் மணலையும், ஒரு தலைமயிரையும் வைத்து அனுப்பும்படி நண்பர்களிடம் சொன்னார்.

கடிதம் வந்தது. முத்திரை அப்படியே இருந்தது. பிரித்துப் பார்த்தார். கசகசாவைக் காணோம்! மணலையும் காணோம்! மயிரையும் காணோம்!

விஷயம் பார்லிமெண்டுக்குப் போயிற்று. உள்நாட்டு மந்திரி சர் ஜேம்ஸ் கிரகாம்தான் கடிதங்களைப் பிரிக்க உத்தரவு போட்டவர் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. ஜனங்கள் கொதித்தார்கள். "இதைக் கிரகாம் செய்யக்கூடாது" என்று உறையின் மேலேயே எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். மந்திரியின் பெயர் 'திருட்டுத்தனமாகப் பிரிப்பது' என்பதற்கே பெயராகிவிட்டது! தபால் இலாகாவுக்குள் இதற்கென்றே இயங்கி வந்த ரகசியப் பிரிவை அந்த வருஷமே மூடினார்கள்.

அது பழைய காலம். இன்று நம்முடைய கடிதங்கள் செல்போன் வழியாகப் போகின்றன. கசகசா வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அதைவிடப் பலமான பூட்டு இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டினாலேயே ஒரு புதிய சங்கடம் முளைத்திருக்கிறது.

யார் காசு கொடுப்பது?

சங்கடம் என்ன என்று சொல்வதற்கு முன்னால், தபால் தலை எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1840-க்கு முன்பு இங்கிலாந்தில் கடிதம் எழுதுகிறவர் பெரும்பாலும் காசு கட்டமாட்டார். கடிதத்தை வாங்குகிறவர்தான் கட்டவேண்டும்! எவ்வளவு தூரம், எத்தனை தாள் என்று கணக்குப் பார்த்து வசூலிப்பார்கள்.

ஒரு கதை சொல்வார்கள். ஏழைப் பெண் ஒருத்திக்கு அண்ணனிடமிருந்து கடிதம் வந்ததாம். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னிடம் காசு இல்லை" என்று தபால்காரனிடமே கொடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற கனவான் ஒருவர் இரக்கப்பட்டுக் காசு கொடுக்க, அவள் தடுத்தாளாம். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தாள்! அண்ணன் சௌக்கியம் என்பதற்கு உறையின் மேலேயே ஒரு குறி இருந்தது. அதைப் பார்த்தாகிவிட்டது. பிறகு காசு எதற்கு?

ரோலண்டு ஹில் என்பவர் இந்த முறையையே தலைகீழாக்கினார். அனுப்புகிறவரே முதலில் ஒரு பென்னி கட்டவேண்டும், தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம் என்றார். 1840-ம் ஆண்டு மே மாதம் உலகத்தின் முதல் தபால் தலை வந்தது. கறுப்பு நிறம், ராணி விக்டோரியாவின் தலை. அடுத்த ஒரே வருஷத்தில் கடிதங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

அனுப்புகிறவன் செலவு செய்யவேண்டும் என்பது சாதாரண விஷயம் அல்ல. பத்தாயிரம் பேருக்கு வீண் கடிதம் போட நினைக்கிறவன் பத்தாயிரம் தபால் தலை வாங்கவேண்டும். கை கூசும்.

மின்சாரக் கடிதம் வந்தபோது இந்தத் தடை அப்படியே தகர்ந்து போயிற்று.

முதல் குப்பை

1971-ம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க என்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பும் முறையைச் செய்து காட்டினார். விலாசத்தில் இன்று நாம் போடுகிற '@' குறி அவர் போட்டதுதான். தபால் தலை கிடையாது.

ஏழு வருஷந்தான் ஆயிற்று. 1978-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி, கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்றைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், புதிய கம்ப்யூட்டர் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே சமயத்தில் கடிதம் தட்டிவிட்டார். அவர்கள் யாரும் கேட்கவில்லை. பலர் அவரை அறியவும் மாட்டார்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அதனால் கோடிக்கணக்கில் வியாபாரம் ஆயிற்று என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அங்கேதான் ஆபத்து! திட்டு வாங்கினாலும் காசு வருகிறது என்றால் எவன் விடுவான்?

இந்தக் குப்பைக் கடிதத்துக்கு 'ஸ்பாம்' என்று பெயர். ஸ்பாம் என்பது 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டின் இறைச்சி. 1970-ல் இங்கிலாந்தில் ஒரு டெலிவிஷன் ஹாஸ்ய நாடகம். அதில் வரும் ஓட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பாம் கலந்துதான் கொடுப்பார்கள். வேண்டாம் என்றாலும் வரும். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரே தபாலாபீஸ் இருந்தால்

சரி, குப்பையை எப்படித் தடுப்பது?

ஒரே தபாலாபீஸ் இருந்தால் சுலபம். வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ம் ஆண்டு ஏப்ரலில் அந்தக் கம்பெனி எல்லாக் கடிதங்களுக்கும் பூட்டுப் போட்டது. அப்போதே 100 கோடி பேர் அதை உபயோகித்து வந்தார்கள். சாவி எழுதுகிறவரிடமும் பெறுகிறவரிடமும் மட்டும் உண்டு. கம்பெனிக்காரரே நினைத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

படிக்காமல் எப்படிப் போக்கிரியைப் பிடிப்பது? நடத்தையைப் பார்த்துத்தான்.

காலையில் புது நம்பர் வாங்கி, மத்தியானத்துக்குள் முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குக் கடிதம் போடுகிறவன் சாதாரண மனிதன் அல்ல என்று சொல்லக் கடிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு 20 லட்சம் கணக்குகளை மூடுகிறோம் என்று அந்தக் கம்பெனி 2019-ல் அறிவித்தது. 2021-ம் ஆண்டு மே 15 முதல் ஜூன் 15 வரை, இந்தியாவில் மட்டும் 20 லட்சம் கணக்குகள் மூடப்பட்டன. நூற்றுக்கு 95-க்கு மேல், இயந்திரத்தை வைத்துக் கும்பல் கும்பலாகக் கடிதம் அனுப்பியதற்காக.

எஸ்.எம்.எஸ்.சிலும் இப்படித்தான். 2011 செப்டம்பரில், ஒரு நம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். தான் என்று டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாடு போட்டது ஞாபகம் இருக்கிறதா? சில வாரங்களில் அதை 200 ஆக உயர்த்தினார்கள். எண்ணுவதற்குக் கம்பெனி இருந்தது. அதனால் எண்ண முடிந்தது.

ஆனால் எண்ணுகிறவனுக்கு யார் யாருக்கு எழுதினார்கள், எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்பது தெரிந்துபோகிறதே!

அது தெரிந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு பெண் நள்ளிரவில் டாக்டருக்கு எழுதுகிறாள். மறுநாள் வக்கீலுக்கு எழுதுகிறாள். உள்ளே இருப்பதைப் படிக்கவா வேண்டும்? அமெரிக்க உளவு ஸ்தாபனங்களின் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014-ல் ஒரு மேடையில் பச்சையாகவே சொன்னார்: இந்த மேல் விவரத்தை வைத்துக்கொண்டே நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்றார்.

இதனால்தான் சில விஞ்ஞானிகள், நடுவில் தபாலாபீசே வேண்டாம் என்கிறார்கள்.

தபாலாபீஸ் இல்லாத ஊர்

திருவிழாவில் தீப்பிடித்தால் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவோம் அல்லவா? அதுபோல, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று கடிதத்தைக் கை மாற்றிவிடும். முதலாளி கிடையாது. பதிவு நோட்டு கிடையாது. சர்க்கார் ஒரு வாசலைப் பூட்டினால் இன்னொரு வாசல் வழியாகப் போகும். 'பிரையர்', 'வாகு', 'பிட்மெசேஜ்' என்று இப்படிப் பல முறைகள் இருக்கின்றன.

நல்லவனுக்கு வசதி. போக்கிரிக்கு அதைவிட வசதி! யாருக்கும் யாரையும் தெரியாத சந்தையில் அவன் பத்தாயிரம் கடிதம் வீசலாம். கேட்பார் இல்லை.

"ஒருவனுக்கு இவ்வளவுதான்" என்று கட்டுப்பாடு போடலாமே? போடலாம். ஆனால் அவன் ஒருவனா, ஒன்பது பேரா என்று யாருக்குத் தெரியும்? 2002-ம் ஆண்டு ஜான் டூசூர் என்ற ஆராய்ச்சியாளர் இதைத்தான் எடுத்துக் காட்டினார். சரிபார்க்கும் பொது அதிகாரி இல்லாத இடத்தில் ஒரே ஆள் ஆயிரம் பெயரில் நடமாடுவதைத் தடுப்பது மிகக் கடினம் என்றார். நம் ஊர் பாஷையில் சொன்னால், கள்ள ஓட்டு!

இ-மெயிலின் கதி இதற்கு உதாரணம். அதுவும் முதலாளி இல்லாத சந்தைதான். யார் வேண்டுமானாலும் சொந்தத் தபாலாபீஸ் வைக்கலாம். குப்பை பெருகியது. 1997-ல் பால் விக்ஸி என்ற என்ஜினீயரும் சகாக்களும், குப்பை அனுப்புகிற கம்ப்யூட்டர்களின் 'கறுப்புப் பட்டியல்' தயாரித்தார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அதிலிருந்து வளர்ந்த பழக்கம் என்ன? இன்று சிறிய ஆள் ஒருவர் சொந்தத் தபாலாபீஸ் வைத்தால், பெரிய கம்பெனிகளின் தபாலாபீஸ்கள் அவருடைய கடிதத்தைச் சந்தேகப்பட்டுக் குப்பைக் கூடையில் தள்ளிவிடும். வேறு வழியில்லாமல் அவரும் பெரிய கம்பெனியிடமே போய்ச் சேருகிறார். சட்டத்தில் சந்தை, நடப்பில் ஐந்தாறு பெரிய கடை. என் கருத்து, சுதந்திரமான தபாலை ஒழித்தது சர்க்கார் அல்ல, குப்பைதான்.

கணக்குப் போட்டால் கடிதம்

தபால் தலையைத் திரும்பக் கொண்டு வந்தால் என்ன என்று 1992-ல் சிந்தியா டுவார்க், மோனி நாவோர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் யோசித்தார்கள். காசாக வேண்டாம், கணக்காகக் கொடுக்கட்டும் என்றார்கள்.

அதாவது, ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்கள் கம்ப்யூட்டர் ஒரு கடினமான கணக்கைப் போட்டு, விடையை உறையில் ஒட்டவேண்டும். போடுவதற்குச் சில விநாடி ஆகும். சரிதானா என்று பார்க்கக் கண் இமைக்கும் நேரம் போதும். மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதுகிறவருக்குச் சில விநாடி பெரிதல்ல. பத்து லட்சம் கடிதம் போடுகிறவன் அகப்பட்டுக்கொள்வான். ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம்!

1997-ல் ஆடம் பாக் என்பவர் 'ஹாஷ்கேஷ்' என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார். சராசரி பத்து லட்சம் தடவை முயன்றால்தான் ஒரு முத்திரை விழும்படி அதை அமைக்கலாம். 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் இன்னும் இரண்டே வருஷத்தில் ஸ்பாம் தொல்லை தீர்ந்துவிடும் என்று சொன்னபோது, அவர் சொன்ன மருந்துகளில் இதுவும் ஒன்று. (தீர்ந்ததா என்பது உங்கள் செல்போனுக்கே தெரியும்.)

அதே 2004-ல் பென் லாரி, ரிச்சர்டு கிளேட்டன் என்ற இருவர் இதில் ஓட்டை இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். போக்கிரி சொந்தக் கம்ப்யூட்டரிலா வேலை செய்கிறான்? ஊரார் கம்ப்யூட்டர்களில் கிருமியைப் புகுத்தி, அவற்றைக் கொத்தடிமையாக்கி, அவற்றைக் கொண்டே கணக்குப் போடுவான். அவனுக்கு உறைக்கிற அளவு கணக்கைக் கடினமாக்கினால், நியாயமாக நிறையக் கடிதம் எழுதுகிறவர் முதலில் படுத்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. பழைய செல்போன் வைத்திருக்கும் கூலிக்காரருக்குக் கணக்கு முடிய ஒரு நிமிஷம். பணக்காரனுக்கு ஒரு விநாடி. ஏழைக்கு அதிக வரி! ஹாஷ்கேஷ் தபாலில் நிற்கவில்லை. ஆனால் அந்த யுக்தி வீண் போகவில்லை. 2008-ல் வெளியான பிட்காயின் திட்டத்துக்கு அதுவே அஸ்திவாரமாயிற்று. அது வேறு கதை.

விரலில் மை

கள்ள ஓட்டை நாம் எப்படித் தடுக்கிறோம்? விரலில் மை வைத்து. மைசூரில் தயாராகும் அந்த அழியாத மை 1962 பொதுத் தேர்தலிலிருந்து உபயோகத்தில் இருக்கிறது.

அந்த மையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஓட்டுப் போட்டுவிட்டீர்கள் என்று அது ஊருக்கெல்லாம் சொல்கிறது. யாருக்குப் போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை!

கடிதத்துக்கும் இப்படி ஒரு மை கிடைக்குமா? ஒரு ஆள் ஒரு பொழுதுக்கு ஒரு கடிதம் போட்டார் என்று தெரியவேண்டும். யார் என்று தெரியக்கூடாது. அளவை மீறினால் மட்டும் முகமூடி தானாகக் கழன்று விழவேண்டும்.

கிடைத்திருக்கிறது. 2019-ல் 'பாரி ஒயிட்ஹாட்' என்ற புனைபெயரில் ஒருவர் இதற்கு ஒரு திட்டம் வெளியிட்டார். ஆளே முகமூடிக்காரர் என்பது வேடிக்கை! 'வாகு' முறைக்காரர்கள் அதை எடுத்து வளர்த்து வருகிறார்கள். அதன் அஸ்திவாரம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நேர்கோடுதான்.

எப்படி என்று பார்ப்போம். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது.

கந்தசாமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் சங்கத்தில் சேரும்போது ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்கிறார். அது 7. அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சங்கத்துக்கு ஒரு டிபாசிட் கட்டுகிறார்.

நேரத்தைச் சிறு சிறு பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பொழுதுக்கு அவருடைய பெருக்கு எண் 3. அதுவும் ரகசியந்தான். அடுத்த பொழுதுக்கு அது மாறிவிடும்.

கந்தசாமி கடிதம் எழுதுகிறார். கடிதத்தின் எழுத்துக்களை ஓர் இயந்திரத்தில் போட்டு அரைத்தால் ஒரு எண் விழும். 2 விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெருக்கு எண்ணால் பெருக்கி, ரகசிய எண்ணைக் கூட்டுகிறார். 2 பெருக்கல் 3, அதோடு 7. மொத்தம் 13. உறையின் மேல் "2, 13" என்று குறித்து அனுப்புகிறார்.

பார்க்கிறவர்கள் 7-ஐக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. 2-ஐ 1-ஆல் பெருக்கி 11-ஐக் கூட்டினாலும் 13. 5-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டினாலும் 13. ஒரு புள்ளி வழியாக எத்தனையோ கோடு போடலாம் அல்லவா?

கந்தசாமிக்குப் பேராசை வந்துவிட்டது. அதே பொழுதில் இன்னொரு கடிதம் போடுகிறார். இந்தத் தடவை இயந்திரத்தில் விழுந்த எண் 5. ஐந்து பெருக்கல் 3, அதோடு 7. மொத்தம் 22. உறையில் "5, 22".

அவ்வளவுதான், அகப்பட்டுக்கொண்டார்! இரண்டு புள்ளி கிடைத்தால் கோடு ஒன்றுதான். 2-லிருந்து 5-க்கு 3 படி. 13-லிருந்து 22-க்கு 9 படி. ஒன்பதை மூன்றால் வகுத்தால் 3. பெருக்கு எண் வெளியே வந்துவிட்டது. 13-லிருந்து 6-ஐக் கழித்தால் 7. ரகசிய எண்ணும் வெளியே வந்துவிட்டது!

ரகசிய எண் கையில் கிடைத்தவர் யாரானாலும் அவருடைய டிபாசிட்டைப் பிடுங்கிக்கொண்டு, சங்கத்திலிருந்து பெயரை அடித்துவிடலாம். போலீஸ் இல்லை, நீதிபதி இல்லை. குற்றவாளி தன் கையாலேயே வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டான்.

நிஜத்தில் 7, 3 போன்ற எண்கள் அல்ல; எழுபது இலக்கத்துக்கு மேல் நீண்டவை. ஊகித்துப் பிடிக்க முடியாது. ஒரே பொழுதில் வந்த இரண்டு உறையும் ஒரே ஆளுடையது என்று காட்ட, அந்தப் பொழுதுக்கு மட்டும் செல்லும் ஒரு குறியும் உறையில் இருக்கும். பொழுது மாறினால் குறியும் மாறிவிடுவதால், இன்றைய கடிதத்தையும் நாளைய கடிதத்தையும் முடிச்சுப் போட முடியாது.

இதற்கு வித்து போட்டவர்கள் பழைய ஆட்கள். புள்ளி சேர்ந்தால் ரகசியம் வெளிவரும் என்ற தத்துவத்தை 1979-ல் சொன்னவர் அடி ஷமீர். ஒரே மின்சார நாணயத்தை இரண்டு தடவை செலவழித்தால் மட்டும் ஆள் அகப்படும்படி 1988-ல் வழி சொன்னவர்கள் டேவிட் சாம், ஃபியட், நாவோர் என்ற மூவர். கடைசியில் சொன்ன நாவோர் வேறு யாரும் அல்ல. கணக்குத் தபால் தலைக்காரரேதான்!

அலிபாபா குகை

ஒரு கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். கந்தசாமி உறையில் பொய்யான எண்ணை எழுதிவிட்டால்?

அங்கேதான் கணித உலகத்தின் அதிசயம் ஒன்று உதவுகிறது. ரகசியத்தைச் சொல்லாமலே, ரகசியம் எனக்குத் தெரியும் என்று நிரூபிப்பது! 1985-ல் கோல்டுவாசர், மிக்காலி, ராக்காஃப் என்ற மூவர் இதைக் கண்டார்கள். பிற்பாடு சிலர் இதை அலிபாபா குகைக் கதையாக்கிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொன்னார்கள்.

ஒரு குகை. உள்ளே போனதும் பாதை இடது, வலது என்று இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் கோடியில் ஒரு கதவில் முட்டுகின்றன. மந்திரம் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். மந்திரம் தெரியும் என்கிறவர் உள்ளே போய் ஏதோ ஒரு பாதையில் மறைந்துகொள்கிறார். பிறகு நீங்கள் வாசலுக்கு வந்து, "இடது பக்கமாக வா" என்றோ, "வலது பக்கமாக வா" என்றோ கூவவேண்டும். மந்திரம் தெரிந்தவர் எந்தப் பக்கம் சொன்னாலும் வருவார். தெரியாதவன் பாதித் தடவை விழிப்பான். 20 தடவை சோதித்தால், ஏமாற்றுக்காரன் தப்பிப்பதற்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். மந்திரம் என்ன என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது!

கந்தசாமியின் செல்போனும் இதே மாதிரி, நான் சங்கத்தில் ஒருவன், உறையில் போட்ட எண் சரியான எண் என்று நிரூபித்துவிட்டு, நான் எந்த ஒருவன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடும்.

ஓட்டை இல்லையா?

இருக்கிறது. டிபாசிட் என்றாலே ஏழைக்குக் கஷ்டம். டிபாசிட்டைக் குறைத்தால் போக்கிரி ஆயிரம் பெயரில் ஆயிரம் டிபாசிட் கட்டிவிடுவான். கூட்டினால் நல்லவர் வரமாட்டார். இந்த இழுபறிக்கு இன்னும் நல்ல முடிவு இல்லை.

வேறு சிலர் அறிமுகம் இல்லாத ஆளை உள்ளேயே விடுவதில்லை. பிரையரில் இரண்டு பேரும் நேரில் சந்தித்து, ஒருவர் செல்போனை மற்றவர் படம் பிடித்து நட்பாகலாம். அல்லது இருவருக்கும் தெரிந்த மூன்றாம் ஆள் அறிமுகப்படுத்தலாம். பெண் பார்க்கிற மாதிரிதான்! குப்பை வர வழியே இல்லை. ஆனால் லஞ்சத்தை அம்பலப்படுத்த நினைக்கிற ஒரு குமாஸ்தா, முன்பின் தெரியாத பத்திரிகைக்காரருக்கு எப்படி எழுதுவார்?

'சிக்னல்' 2018-ல் நடுவழியில் ஒரு வேலை செய்தது. அதற்குத் தபாலாபீஸ் உண்டு. ஆனால் உறையின் மேல் அனுப்புநர் விலாசம் தபாலாபீசுக்கே தெரியாதபடி மறைத்துவிடலாம். சாதாரணமாக இந்தச் சலுகை உங்கள் சிநேகிதர்களுக்கு மட்டும். அவர்களிடம் உங்கள் வீட்டுக் கதவின் 'தட்டும் குறி' இருக்கும். அந்தக் குறி இல்லாதவர் விலாசத்தைக் காட்டித்தான் வரவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மை எண்ணிக்கையைத்தான் தடுக்கும். மோசடியைத் தடுக்காது. 'டிஜிட்டல் அரெஸ்டு' என்று மிரட்டிப் பணம் பறிக்கிற பேர்வழிக்கு ஆயிரம் கடிதம் தேவையில்லை. பயந்த சுபாவமுள்ள ஒரு பென்ஷன்காரர் போதும். 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே ரேடியோவில் இதைப் பற்றி எச்சரிக்கும்படி ஆயிற்று.

வதந்தியும் அப்படித்தான். 2018-ம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். செல்போன்களில் சுற்றிய புரளிதான் காரணம். ஜூலை 1-ந் தேதி மராட்டியத்தில் துலே மாவட்டத்தில் இதேபோல் ஐந்து பேர் செத்தார்கள். அந்தப் புரளியை அனுப்பியவர்கள் யாரும் ஸ்பாம் வியாபாரி அல்ல. ஆளுக்கு ஒரு தடவை, நல்ல எண்ணத்தோடு அனுப்பியவர்களே அதிகம்.

அந்த மாதமே வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் கடிதத்தைத் தள்ளிவிட முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த கடிதத்தை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட கடிதங்கள் நூற்றுக்கு 70 குறைந்துவிட்டன என்று அறிவித்தது. எத்தனை கை மாறியது என்ற கணக்கு கடிதத்தோடேயே பூட்டுக்குள் பயணம் செய்கிறது. கம்பெனி படிப்பதில்லை. ஆனால் முதலாளி இல்லாத சந்தையில் இது செல்லாது. அங்கே அவரவர் கருவியை அவரவரே செய்துகொள்ளலாம். கணக்கை அழிக்கிற கருவியைச் செய்யப் போக்கிரிக்குத் தெரியாதா?

சென்னை ஐகோர்ட்டில்

இந்த வழக்கு நம் சென்னை ஐகோர்ட்டுக்கே வந்தது. முதன்முதலில் ஒரு கடிதத்தைக் கிளப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி 2019-ல் எழுந்தது. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. (இவரே 2022-ல் ஐ.ஐ.டி. டைரக்டர் ஆனார்.) ஒவ்வொரு கடிதத்தோடும் அதைத் தொடங்கியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்பது அவருடைய யோசனை. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். அடையாளத்தைப் போக்கிரி போலியாகப் போடலாம், நல்லவரின் ரகசியம் மட்டும் போகும் என்பது அவர் வாதம். பிறகு விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

2021-ல் மத்திய சர்க்கார் விதியே செய்தது. பெரிய கம்பெனிகள், கோர்ட்டோ அதிகாரியோ உத்தரவிட்டால், முதலில் அனுப்பியவரைக் காட்டவேண்டும் என்பது விதி. வாட்ஸ்அப் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயிற்று. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வக்கீல் கோர்ட்டில் சொன்னார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மூதாட்டியின் உயிருக்குப் பதில் சொல்லவேண்டும். ஆனால் யார் எழுதினார் என்ற முத்திரையை நாட்டில் உள்ள அத்தனை கடிதத்திலும் குத்தி வைப்பது, ஒரு கிரகாமுக்குப் பதில் ஆயிரம் கிரகாம்களுக்கு வழி வைப்பதாகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கையில் உள்ளது

ஒரு வழி பாக்கி இருக்கிறது. பூட்டின் ஒரு சாவி உங்களிடந்தானே இருக்கிறது? வந்த கடிதத்தை நீங்களே பிரித்துக் காட்டலாம். நடுவில் யாரும் திருடிப் படிக்கவில்லை. பெற்றவர் புகார் செய்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் விரோதி ஒருவன் பொய்க் கடிதம் ஜோடித்து உங்கள் மேல் புகார் கொடுத்துவிட்டால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். 2016-ல் பேஸ்புக் தன் ரகசியக் கடிதங்களில் ஒரு முத்திரை வைத்தது. கடிதம் போகும்போது தபாலாபீஸ் படிக்காமலே முத்திரை குத்தும். பிறகு புகார் வந்தால், காட்டப்பட்ட கடிதம் நிஜமாகவே அங்கிருந்து வந்ததுதானா என்று முத்திரையை வைத்துச் சொல்லிவிடலாம். தபாலாபீஸ் இல்லாத சந்தையில் இந்த முத்திரையை யார் குத்துவது, புகாரை யார் கேட்பது என்பதுதான் விஞ்ஞானிகள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிற விஷயம்.

உங்கள் செல்போனைப் பொறுத்தவரை, தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தால் 'புகார்' என்ற பொத்தான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தினால் அந்த ஆள் அனுப்பிய கடைசி ஐந்து கடிதங்கள் வரை கம்பெனிக்குப் போகும். அதனால் அழுத்துவதற்கு முன் அவற்றில் உங்கள் சொந்த விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமான டெலிபோன் அழைப்பையும் எஸ்.எம்.எஸ்.சையும் பற்றிச் சொல்ல மத்திய சர்க்காரின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டிருக்கிறது. பணமே போய்விட்டால் தாமதிக்கக்கூடாது. கூப்பிட வேண்டிய நம்பர் 1930. பணம் ஒரு பாங்கிலிருந்து இன்னொரு பாங்குக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்தப் பார்ப்பார்கள். அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கூப்பிடவேண்டும்.